குதிரையின் நுரையீரலில் காளான்! அவசர ஊசியே எமனாகும் ஆபத்து!

சென்னை மெரினா கடற்கரை. வெயில் தாழ்ந்ததும் மணலில் குதிரைகள் வந்து நிற்கும்.

"ஒரு ரவுண்டு போலாமா சார்? பாப்பாவை ஏத்துங்க. பயமே இல்லை!"

குழந்தை ஏறும். அப்பா படம் பிடிப்பார். அம்மா "கெட்டியா புடிச்சுக்கோடா கண்ணு" என்று கூடவே ஓடுவாள். ஐந்து நிமிடத்தில் சவாரி முடிந்துவிடும்.

திரும்பி வந்த குதிரை தலையைத் தாழ்த்தி இரண்டு முறை இருமினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கயிற்றைப் பிடித்திருக்கிற குதிரைக்காரர் மட்டும் கவனிப்பார். அவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். குதிரை படுத்தால் வீட்டில் அடுப்பும் படுத்துவிடும்!

அந்த இருமலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடிய எதிரிகளில் ஒன்று, காளான்.

மழையில் முளைக்கும் குடைக்காளான் அல்ல. ஊறுகாய் ஜாடியிலும் பழைய ரொட்டியிலும் படர்கிறதே பூசணம், அந்த ஜாதி. அது குதிரையின் நுரையீரலுக்குள் வேர் விட்டு வளர்ந்தால் என்ன ஆகும்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிழைக்க வைக்க முடியுமா?

முடியும். ஆனால் முதல் சில நாட்களில் எந்த ஊசி போடுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது!

வைக்கோலில் இருக்கிறது வில்லங்கம்

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். கூரை ஒழுகும். தரை ஈரம் ஏறும். அடுக்கி வைத்த வைக்கோலும் காய்ந்த புல்லும் உள்ளுக்குள்ளேயே புழுங்கும். நாலு நாள் கழித்து ஒரு கத்தை உருவி உதறினால் சாம்பல் பச்சையாகப் புகை மாதிரி தூசு கிளம்பும். மூக்கைத் துளைக்கும் மக்கிய வாடை வரும்.

அந்தப் புகையில் இருப்பவை காளான் விதைகள். முக்கியமான வில்லனின் பெயர் "ஆஸ்பர்ஜில்லஸ்".

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் இரண்டு மூன்று கூறுதான் ஒரு விதையின் அளவு! மூக்கு முடியில் சிக்காது. தொண்டைச் சளியில் ஒட்டாது. நேராக நுரையீரலின் அடிமட்டம் வரை போய் உட்காரும்.

குதிரைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மனிதன் மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவான். குதிரையால் அது முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. நன்றாக வளர்ந்த ஒரு பெரிய குதிரை, சும்மா நிற்கும்போதே ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் காற்றை இழுக்கிறது. தீனித் தொட்டிக்குள் மூக்கை விட்டு மேயும்போது இழுப்பது எல்லாம் வைக்கோல் தூசுதான்.

கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இந்தக் காளான் பழைய எதிரி. குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்க்கும். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெசீனியஸ் என்ற டாக்டர் 1863-ல் இதற்கு "ஃபியூமிகேட்டஸ்" என்று பெயர் வைத்தார். அவர் அதைக் கண்டது, கானமயில் இனத்துப் பறவை ஒன்றின் உடம்புக்குள்தான்!

அப்படியானால் வைக்கோல் தின்னும் குதிரை எல்லாம் செத்துவிட வேண்டாமா? அதுதான் இல்லை. உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் அந்தக் காவல்காரர்கள். தினமும் உள்ளே வரும் காளான் விதைகளை அவை விழுங்கித் தீர்த்துவிடுகின்றன. ஆரோக்கியமான குதிரைக்கு இந்தக் காளான் ஒரு பொருட்டே அல்ல.

காவல்காரர்கள் களைத்துப் போனால்தான் கதை மாறும்!

இருமல் ஒன்று, நோய் இரண்டு!

பூசணத் தூசால் குதிரைக்கு இரண்டு விதமான கேடு வரும். இரண்டிலும் இருமல். இரண்டிலும் மேல்மூச்சு, கீழ்மூச்சு. ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள்.

முதலாவது, குதிரை ஆஸ்துமா. தூசு ஒத்துக்கொள்ளாமல் மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்ளும். காளான் உள்ளே வளர்வதில்லை. வழக்கமாக ஜுரம் இருக்காது. தீனி தின்னும். லாயத்துக்குள் கட்டினால் மோசமாகும். வெளியே காற்றோட்டமாகக் கட்டினால் தேவலை என்று இருக்கும். இருமும் குதிரைகளில் இந்த ரகம்தான் சர்வ சாதாரணம்.

இரண்டாவது, காளானே நுரையீரலில் குடியேறுவது. இது அபூர்வம். ஆனால் படுபயங்கரம். காளான் நூல் நூலாக வளர்ந்து ரத்தக் குழாயைத் துளைக்கும். ரத்தம் போகாத இடத்தில் நுரையீரல் அழுகும். ஜுரம் அடிக்கும். தீனி எடுக்காது. விலா எலும்பு தெரியும். சில குதிரைகளுக்கு மூக்கில் ரத்தம் கசியும்.

ஆஸ்துமாவுக்குச் சுத்தமான காற்று, தூசில்லாத தீனி. அதோடு "ஸ்டீராய்டு" ஊசி. வீக்கம் வடிந்து மூச்சு லேசாகும்.

அதே ஸ்டீராய்டைக் காளான் பிடித்த குதிரைக்குப் போட்டால்? வெள்ளை அணுக்களின் கையைக் கட்டிப் போட்ட மாதிரி! ஒரு நாள், இரண்டு நாள் குதிரை தெளிந்த மாதிரி தெரியும். உள்ளே காளான் தங்குதடை இல்லாமல் பரவும்.

2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் "கறுப்புப் பூஞ்சை" நாடு முழுவதும் மிரட்டியது நினைவிருக்கும். கண்ணை இழந்தவர்கள் உண்டு. உயிரை இழந்தவர்கள் உண்டு. சர்க்கரை வியாதியும், அளவு மீறிய ஸ்டீராய்டும் அந்தக் காளானுக்குக் கதவைத் திறந்துவிட்டன. அது வேறு ஜாதிக் காளான். ஆனால் நுழைந்த வழி இதேதான்.

ஒரு நோய்க்கு மருந்து. இன்னொரு நோய்க்கு விஷம். எது என்று தெரியாமல் ஊசியைத் தூக்கலாமா?

"போன மாசம் பேதி ஆச்சா?"

இருமும் குதிரையைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தால் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"எத்தனை நாளா இருமுது?"

"பதினஞ்சு நாளு இருக்கும் டாக்டர் சார்."

"ஜுரம் இருக்கா?"

"தொட்டா சுடுது சார். தீனி சரியா எடுக்கல."

"என்ன ஊசி போட்டீங்க?"

"நம்ம பக்கத்துல ஒருத்தரு போட்டாரு சார். போட்ட அன்னிக்கு நல்லா இருந்துச்சு. மறுநாளே பழையபடி ஆயிடுச்சு."

"அதுக்கு முன்னால பேதி ஏதாவது ஆச்சா?"

"அது போன மாசம் சார். அது நின்னுபோச்சே! அதுக்கும் இருமலுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

"அங்கதான்யா சம்பந்தமே இருக்கு!"

டாக்டர் தமாஷ் பண்ணவில்லை. கடுமையான பேதிக்கும் நுரையீரல் காளானுக்கும் உள்ள தொடர்பை 1988-ல் வெளியான கால்நடை மருத்துவ ஆய்வு ஒன்று எடுத்துக் காட்டியது.

காரணம் இதுதான். குடல் புண்ணாகி மோசமான பேதி கண்டால் குதிரையின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்துவிடும். குடலின் உள்சுவர் கிழிந்து கிடக்கும். தீனியோடு வயிற்றுக்குள் போன காளான் அந்தப் புண் வழியாக ரத்தத்தில் ஏறிக்கொள்ளும். ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. காளானும் கூடவே போகிறது.

அதாவது மூக்கு வழியாக வர வேண்டிய திருடன், வயிற்று வழியாகவும் வருவான்!

பேதி ஒன்றுதான் காரணம் என்பதில்லை. நாள் கணக்கில் போட்ட ஸ்டீராய்டு, வாரக் கணக்கில் போட்ட ஆன்டிபயாடிக், உடம்பை உருக்கும் வேறு பெரிய நோய் எல்லாமே காவலைப் பலவீனப்படுத்தும். ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், காளானைத் தொடாது. "ரெண்டு வாரமா ஊசி போட்டும் ஜுரம் விடலை" என்று சொன்னாலே டாக்டர் உஷாராகிவிட வேண்டிய கட்டம் அது.

ஆகவே குதிரைக்காரர் எதையும் மறைக்கக் கூடாது. போட்ட ஊசி மருந்தின் காலிக் குப்பியை எடுத்துக்கொண்டு போவது நல்லது. பெயர் தெரியாவிட்டாலும் குப்பி சொல்லிவிடும்.

முதலில் தீர வேண்டிய பயம்

இருமல், சளி, ஜுரம் என்று குதிரை வந்தால் இன்னொரு சந்தேகமும் டாக்டருக்கு வரும். அது "கிளாண்டர்ஸ்".

இது காளான் அல்ல. பாக்டீரியாக் கிருமியால் வருவது. குதிரைக்குக் குதிரை தொற்றும். மனிதனுக்கும் தொற்றி உயிரை வாங்கும். இந்தியாவில் இது கண்டால் அரசாங்கத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சோதனையில் உறுதியானால் குதிரையைக் காப்பாற்ற வழி இல்லை. சட்டப்படி அதன் உயிரை முடித்துவிட வேண்டியதுதான்.

"ரத்தம் எடுத்தா குதிரையைப் புடுங்கிடுவாங்க" என்று பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்தால், அதே கொட்டகையில் படுத்துத் தூங்கும் குடும்பத்துக்குத்தான் ஆபத்து!

நுரையீரல் காளான் அப்படித் தொற்றுகிற வியாதி அல்ல. ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவாது. சவாரி செய்யும் குழந்தைக்கும் ஒட்டாது. ஆனால் அது கிளாண்டர்ஸ் இல்லை என்பது முதலில் நிச்சயமாக வேண்டும்.

காளான் கிடைத்துவிட்டது, ஆனால் போதாது!

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 அக்டோபர் 1-ந் தேதி "டாபின் ஹால்" என்ற சிறிய கட்டிடத்தில் ஆரம்பமானது. அந்தக் காலத்து டாக்டருக்கு விலாவில் காதை வைத்துக் கேட்பதும், கையால் தட்டிப் பார்ப்பதும்தான் வழி. இன்றைக்குக் கால்நடை மருத்துவத்தில் கருவிகளுக்குக் குறைவில்லை. இருந்தும் இந்த நோயைப் பிடிப்பது லேசில்லை.

எக்ஸ்ரே எடுக்கலாம். ஆனால் குதிரையின் மார்பு பீப்பாய் மாதிரி. கையில் தூக்கிப் போகும் சின்ன மெஷினின் கதிர் பெரிய குதிரையை ஊடுருவத் திணறும். சக்தி வாய்ந்த மெஷின் வேண்டும். எடுத்த படத்தில் நுரையீரல் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

ஸ்கேன் பார்க்கலாம். ஆனால் காற்று நிறைந்த நுரையீரலுக்குள் ஸ்கேன் அலை புகாது. மேல்பரப்பில் உள்ள கட்டிகள் மட்டும்தான் தெரியும்.

மூக்கு வழியாகக் கேமரா குழாயை விட்டு மூச்சுக்குழாயைப் பார்க்கலாம். மூக்கில் ரத்தம் வந்த குதிரைக்கு இது மிகவும் அவசியம். ஏனென்றால் குதிரையின் தொண்டைக்கு இரு பக்கமும் காற்றுப்பை ஒன்று உண்டு. அதற்குள் காளான் படர்ந்து பெரிய ரத்தக் குழாயை அரித்தாலும் மூக்கில் ரத்தம் கொட்டும். அது வேறு நோய். அதற்கு வேறு சிகிச்சை.

அடுத்தது நுரையீரலைக் "கழுவி" எடுப்பது. மூக்கு வழியாக நீண்ட குழாயை இறக்கி, கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை உப்புநீரை விட்டு, திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நீரைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். காளான் வளரும் ஊட்டத்தில் தடவி நாள் கணக்கில் காத்திருப்பார்கள்.

காளான் முளைத்துவிட்டது. நோய் நிச்சயம் என்று சொல்லிவிடலாமா?

கூடாது! இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

வைக்கோல் தின்று லாயத்தில் நிற்கும் எந்த ஆரோக்கியமான குதிரையின் மூச்சுக்குழாயைக் கழுவினாலும் காளான் விதை கிடைக்கக்கூடும். தெருவில் நடந்தவன் செருப்பில் மண் இருக்கிற மாதிரி. மண் இருப்பதாலேயே அவன் மண் திருடியவன் ஆகிவிடுவானா?

ஆகவே ஒரு சாட்சி போதாது. பல சாட்சிகள் ஒன்று சேர வேண்டும். ஜுரமும் மெலிவும் இருக்க வேண்டும். முன்கதை பொருந்த வேண்டும். ரத்தப் பரிசோதனை ஒத்துப் போக வேண்டும். படத்தில் பொட்டுகள் தெரிய வேண்டும். கழுவிய நீரில் வெறும் விதை மட்டுமல்ல, கிளைவிட்ட காளான் நூலும், சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்களும் இருக்க வேண்டும்.

அசைக்க முடியாத சாட்சி, நுரையீரல் சதையில் காளான் நூலைக் காண்பதுதான். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுத் துணுக்கு எடுப்பார்கள். வெள்ளிச் சாயம் ஏற்றினால் காளான் நூல் கறுப்பாகத் தெரியும். ஆனால் ஊசி விட்ட இடத்தில் ரத்தம் கசியும் அபாயம் உண்டு. மிகவும் தளர்ந்த குதிரைக்கு டாக்டர் யோசித்துத்தான் கை வைப்பார்.

குதிரை செத்த பிறகு பிரேதப் பரிசோதனையில்தான் இந்த நோய் தெரிய வந்த சம்பவங்கள் ஏராளம். அதுதான் வேதனை.

குதிரைக்கு மனுஷ மாத்திரை!

காளானைக் கொல்லும் மருந்துகள் பெரும்பாலும் மனிதனுக்காகச் செய்யப்பட்டவை. குதிரைக்கும் அவைதான். எடைதான் வித்தியாசம், அதனால் விலையும் வித்தியாசம்!

"ஆம்ஃபோடெரிசின்-பி" பழைய வீரன். 1950-களில் தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. கறுப்புப் பூஞ்சை பரவிய 2021-ல் தட்டுப்பாடு ஏற்பட்டதே, அதே மருந்து. குளுக்கோஸ் நீரில் கலந்து ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். உப்புநீரில் கலந்தால் திரிந்துவிடும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் குணம் உண்டு. அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

"வோரிகோனசோல்" புதிய மருந்து. வாய் வழியாகக் கொடுத்தாலே குதிரையின் ரத்தத்தில் நன்றாகச் சேர்கிறது. ஒரு கிலோ எடைக்கு 4 மில்லிகிராம் என்பது ஆய்வுகளில் சொல்லப்படும் ஓர் அளவு. 300 கிலோ குதிரை என்றால் ஒரு வேளைக்கு 1,200 மில்லிகிராம். 200 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு! ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில்.

"இட்ராகோனசோல்" மருந்தும் உண்டு. இதில் காப்ஸ்யூலைக் கொடுத்தால் குதிரையின் உடம்பில் சேர்வது சொற்பம். திரவமாகக் கொடுத்தால்தான் பலன்.

"ஃப்ளூகோனசோல்" மாத்திரை விலை மலிவு. மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. "காளானுக்கு இதுதான் சார்" என்று யாராவது கையில் திணிக்கலாம். வேறு சில காளான்களுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் அதற்கு அசைந்து கொடுக்காது! பணமும் போகும்; நாளும் போகும்.

இதற்காகத்தான் எந்தக் காளான் என்று தெரிந்துகொள்வது அவசியமாகிறது. மருந்தோடு குதிரைக்கு முழு ஓய்வு வேண்டும். சவாரி கூடாது. பழைய தீனியை மாற்ற வேண்டும். முதலில் காவலைக் குலைத்த நோய் எதுவோ, அதையும் தீர்க்க வேண்டும்.

பிழைக்குமா? நுரையீரல் முழுவதும் பரவிவிட்டால் நம்பிக்கை குறைவு. ஓர் இடத்தில் மட்டும் இருக்கும்போதே பிடித்து, விடாமல் மருந்து கொடுத்தால் பிழைத்த குதிரைகள் உண்டு. தினமும் சவாரிக் காசில் அரிசி வாங்குகிறவருக்கு அந்த மருந்துச் செலவு மலை. அதனால்தான் வருமுன் காப்பது அவருக்கு மருந்தைவிடப் பெரிய விஷயம்.

மூக்குதான் முதல் டாக்டர்

தடுப்பதற்குப் பெரிய செலவு இல்லை.

வைக்கோலைத் தரையில் போடக் கூடாது. பலகையோ கல்லோ போட்டு உயரத்தில் அடுக்க வேண்டும். மேலே சாரல் படாமலும், நடுவே காற்றுப் போகவும் இடம் விட வேண்டும்.

கத்தையை உருவியதும் முகர்ந்து பார்க்க வேண்டும். மக்கிய வாடை வந்தால் தீனிக்கும் கூடாது, படுக்கைக்கும் கூடாது. "அலசிப் போட்டா சரியாயிடும்" என்பது தப்பு. "மாட்டுக்குத் தள்ளிடலாம்" என்பதும் தப்பு. இதே காளான் சினைப்பசுவுக்குக் கரு கலையவும் காரணமாகும்.

நல்ல வைக்கோலையும் காய்ந்த புல்லையும்கூட அரைமணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து உடனே போட்டால் தூசு அடங்கும். ஊறியதை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. கொட்டகையைக் கூட்டும்போது குதிரையை வெளியே கட்ட வேண்டும். கூட்டுகிறவரும் மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது. பூசணத் தூசு மனிதனின் நுரையீரலையும் கெடுக்கும்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 99 முதல் 101 டிகிரி வரை இருக்கலாம். அதற்கு மேலே போய்க்கொண்டே இருந்தால் ஜுரம். காலையில் சவாரிக்கு முன்னால் விலாவைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். நிற்கும் குதிரைக்கு 8 முதல் 16 வரை சரி. தினமும் 20-க்கு மேலே போனால் கடற்கரைக்கு ஓட்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட்ட வேண்டும்.

போகும்போது மூன்று விஷயம் மறக்கக் கூடாது: எத்தனை நாளாக இருமல், என்னென்ன ஊசி போட்டது, அதற்கு முன்னால் பேதி ஆனதா.

குதிரைக்கு வாய் இல்லை. அதற்காகப் பேச வேண்டியவர், கயிற்றைப் பிடித்திருக்கிறவர்தான்!